சிவப்பு மை பேனா உங்கள் கையில்!

பரீட்சை எழுதுவது நீங்கள், திருத்துவது ஆசிரியர். இதுதானே வழக்கம்? இன்றைக்கு ஒரு மாற்றம். பரீட்சையை வேறு நான்கு பேர் எழுதி முடித்துவிட்டார்கள். திருத்தப் போவது நீங்கள்! சிவப்பு மை பேனாவை எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

பாடம் கணக்குதான். "ஐயோ, கணக்கா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கூட்டவும் வகுக்கவும் தெரிந்தால் போதும். ஆனால் ஒன்று. விடைத்தாளைத் திருத்துவது, எழுதுவதைவிடக் கொஞ்சம் கஷ்டம். கூட்டல் சரியாக இருக்கும், வகுத்தல் சரியாக இருக்கும், ஆனாலும் விடை தப்பாக இருக்கும். அது எப்படி? பார்க்கலாம் வாருங்கள்.

ஆற்றங்கரைக் கேள்வி

திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே காவிரி ஓடுகிறது. ஸ்ரீரங்கத்துக்கு அந்தப் பக்கம் கொள்ளிடம். முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. இரண்டு ஆறுகளுக்கும் நடுவில் இருக்கும் தீவுதான் ஸ்ரீரங்கம். ஆடிப்பெருக்கு அன்று அம்மா மண்டபம் படித்துறையில் நிற்கவே இடம் இருக்காது. அவ்வளவு கூட்டம்!

இப்படி ஆற்றங்கரையிலேயே வாழும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும்? இது விளையாட்டுக் கேள்வி இல்லை. ஆற்றில் குளிக்கப் போன சிறுவர்கள் தண்ணீரில் அடித்துச் செல்லப்பட்ட செய்தியைப் பத்திரிகையில் நீங்களும் படித்திருப்பீர்கள். அதனால் இதைக் கணக்கெடுத்துப் பார்ப்பது நல்லதுதான்.

சத்திரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். அங்கே 6, 7, 8-ம் வகுப்புகளில் 200 பேர் படிக்கிறார்கள். 120 பேர் திருச்சிப் பக்கம் குடியிருப்பவர்கள். மீதி 80 பேர் காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்திலிருந்து வருபவர்கள். கணக்கு ஆசிரியர் எல்லோரிடமும் இரண்டு கேள்விகள் கேட்கிறார்: "வீடு எந்தப் பக்கம்?", "நீச்சல் தெரியுமா?" கிடைத்த பதில்களைக் கரும்பலகையில் இப்படி எழுதுகிறார். (பள்ளியும் எண்களும் நம் கற்பனைதான். கணக்கு மட்டும் நிஜம்!)

| | நீச்சல் தெரியும் | தெரியாது | மொத்தம் |
|---|---|---|---|
| திருச்சி | 36 | 84 | 120 |
| ஸ்ரீரங்கம் | 32 | 48 | 80 |
| மொத்தம் | 68 | 132 | 200 |

இதற்குப் பெயர் இருவழி அட்டவணை. ஏன் இருவழி? ஒரே கட்டத்தை இரண்டு வழியில் படிக்கலாம். 36 என்ற கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்கே படித்தால், "திருச்சிக்காரர்கள் 120 பேரில் 36 பேருக்கு நீச்சல் தெரியும்." மேலிருந்து கீழே படித்தால், "நீச்சல் தெரிந்த 68 பேரில் 36 பேர் திருச்சிக்காரர்கள்." குறுக்கே போவது நிரை. கீழே இறங்குவது நிரல்.

ஒரு கட்டத்தில் எத்தனை பேர் என்று எண்ணி எழுதுகிறோம் அல்லவா, அது நிகழ்வெண். அந்த எண்ணை மொத்தத்தால் வகுத்துப் பங்காகவோ சதவீதமாகவோ எழுதினால் அது சார்பு நிகழ்வெண். பெயர்தான் பெரிது, விஷயம் சின்னது. "எத்தனை பேர்?" என்று கேட்டால் நிகழ்வெண். "எத்தனை பேரில் எத்தனை பேர்?" என்று கேட்டால் சார்பு நிகழ்வெண்.

ஆசிரியர் கேட்ட கேள்வி இது: "எந்தப் பக்கத்துப் பிள்ளைகளிடம் நீச்சல் பழக்கம் அதிகம்? காரணம் காட்டி எழுதுக." மதிப்பெண் 5.

விடைத்தாள்கள் வந்துவிட்டன. பேனா தயாரா?

முதல் விடைத்தாள்

"திருச்சியில் 36 பேருக்கு நீச்சல் தெரியும். ஸ்ரீரங்கத்தில் 32 பேருக்குத்தான் தெரியும். 36 பெரியது. எனவே திருச்சிப் பிள்ளைகளே நீச்சலில் கெட்டி."

எண்களைச் சரியாகத்தான் பார்த்து எழுதியிருக்கிறார். ஆனால் திருச்சியில் 120 பேரைக் கேட்டோம், ஸ்ரீரங்கத்தில் 80 பேரைத்தான் கேட்டோம் என்பதை மறந்துவிட்டார். பெரிய கூடையில் 36 மாம்பழம், சின்னக் கூடையில் 32 மாம்பழம். எந்தக் கூடை அதிகம் நிறைந்திருக்கிறது என்று பழத்தை மட்டும் எண்ணிச் சொல்ல முடியுமா? கூடையின் அளவையும் பார்க்க வேண்டாமா?

அட்டவணையைப் படித்ததற்கு 1 மதிப்பெண். ஓரத்தில் சிவப்பு மையில் எழுதுங்கள்: "எத்தனை பேரில்?"

இரண்டாம் விடைத்தாள்

"36-ஐ 200-ஆல் வகுத்தால் 18 சதவீதம். 32-ஐ 200-ஆல் வகுத்தால் 16 சதவீதம். 18 பெரியது. எனவே திருச்சிப் பிள்ளைகளே கெட்டி."

இவர் முதலாமவரைவிட ஒரு படி மேலே. சதவீதம் கண்டுபிடித்திருக்கிறார். வகுத்தலில் ஒரு பிழையும் இல்லை. அவசரத்தில் இருக்கும் ஆசிரியர் "சரி" என்று கோடு போட்டுவிடுவார். நாம் அவசரப்படக் கூடாது.

இவர் இரண்டையும் 200-ஆல் வகுத்திருக்கிறார். 200 என்பது பள்ளி முழுவதும். "பள்ளிப் பிள்ளைகள் எல்லோரிலும், திருச்சியில் இருந்துகொண்டு நீச்சலும் தெரிந்தவர்கள் எவ்வளவு?" என்று கேட்டிருந்தால் 18 சதவீதம் முழுச் சரி. ஆனால் நாம் கேட்டது அது இல்லையே! திருச்சியை திருச்சியோடும், ஸ்ரீரங்கத்தை ஸ்ரீரங்கத்தோடும் அல்லவா வகுத்திருக்க வேண்டும்? கேட்காத கேள்விக்கு எழுதிய சரியான விடை இது. பரீட்சையில் நாம் எல்லோருமே எப்போதாவது செய்யும் தப்புதான்.

2 மதிப்பெண் கொடுக்கலாம்.

மூன்றாம் விடைத்தாள்

"திருச்சி: 120 பேரில் 36 பேர், அதாவது 30 சதவீதம். ஸ்ரீரங்கம்: 80 பேரில் 32 பேர், அதாவது 40 சதவீதம். எனவே ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகளிடம்தான் நீச்சல் பழக்கம் அதிகம். ஸ்ரீரங்கத்தில் குடியேறினால் எல்லோருக்கும் நீச்சல் வந்துவிடும்."

ஆகா! பகுதியில் இருக்க வேண்டிய எண் சரியாக வந்துவிட்டது. 36 பெரிது, 32 சிறிது என்று தெரிந்தது அப்படியே தலைகீழாக மாறி, ஸ்ரீரங்கம் முன்னால் வந்துவிட்டது பார்த்தீர்களா? 5-க்கு 5 போடப் போனால், கடைசி வாக்கியம் கையைப் பிடித்து நிறுத்துகிறது.

வீடு மாறினால் நீச்சல் வந்துவிடுமா? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை கேள்விப்பட்டிருப்பீர்கள். இரண்டும் சேர்ந்து நடந்ததாலேயே ஒன்றால்தான் இன்னொன்று நடந்தது என்று சொல்லிவிட முடியாது. ஒருவேளை ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் பிள்ளைகளில் 8-ம் வகுப்புக்காரர்கள் அதிகமாக இருக்கலாம். பெரிய பிள்ளைகளுக்கு நீச்சல் தெரிந்திருப்பது இயல்புதானே? ஒருவேளை அங்கே சொல்லித்தர அண்ணன்மார்கள் அதிகம் இருக்கலாம். அட்டவணை "தொடர்பு இருப்பதுபோல் தெரிகிறது" என்று மட்டும்தான் சொல்லும். "இதுதான் காரணம்" என்று சொல்ல அதற்கு வாய் கிடையாது.

4 மதிப்பெண். கடைசி வாக்கியத்துக்கு அடியில் ஒரு சிவப்புக் கோடு.

நான்காம் விடைத்தாள்

"திருச்சிப் பிள்ளைகளில் 30 சதவீதம் பேருக்கும், ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகளில் 40 சதவீதம் பேருக்கும் நீச்சல் தெரியும். இந்தப் பள்ளியில் ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகளிடம் நீச்சல் பழக்கம் அதிகம். ஏன் என்று இந்த அட்டவணையிலிருந்து சொல்ல முடியாது. ஆனால் இரண்டு பக்கமும் சேர்த்து 200 பேரில் 132 பேருக்கு, அதாவது 66 சதவீதம் பேருக்கு, நீச்சல் தெரியவில்லை. அதுதான் கவலை."

5-க்கு 5! "மிக நன்று" என்றும் எழுதிவிடுங்கள். கேட்டதற்கு விடை சொல்லி, சொல்லக் கூடாததைச் சொல்லாமல் விட்டு, அட்டவணையில் எல்லோரும் பார்க்கத் தவறிய எண்ணையும் எடுத்துக் காட்டிவிட்டார்.

நீச்சல் சார் வந்தார்!

இங்கே ஒரு சின்னத் திருப்பம். அந்த 132 பேருக்கும் நீச்சல் கற்றுத்தர ஒரு பயிற்சியாளர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கேட்கும் கேள்வியே வேறு: "நீச்சல் தெரியாத பிள்ளைகளில் எத்தனை பேர் எந்தப் பக்கம்? அதற்குத் தகுந்தபடி வகுப்பு வைக்க வேண்டும்."

இப்போது நிரலைப் பார்க்க வேண்டும். தெரியாதவர்கள் 132 பேர். அவர்களில் திருச்சிக்காரர்கள் 84 பேர், அதாவது சுமார் 64 சதவீதம். ஸ்ரீரங்கத்துக்காரர்கள் 48 பேர், சுமார் 36 சதவீதம். ஆக, திருச்சிப் பக்கம்தான் அதிக வகுப்புகள் வேண்டும்.

அட்டவணை அதேதான். கேள்வி மாறியது, வகுக்கும் எண் மாறியது, விடையும் மாறியது. "ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகளில் நீச்சல் தெரிந்தவர்கள்" என்பதும், "நீச்சல் தெரிந்தவர்களில் ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகள்" என்பதும் கேட்க ஒன்றுபோல் இருக்கும். ஆனால் முதலாவது 40 சதவீதம், இரண்டாவது சுமார் 47 சதவீதம். காக்கை எல்லாம் கறுப்பு. அதற்காகக் கறுப்பு எல்லாம் காக்கை ஆகிவிடுமா?

உயிர் காத்த அட்டவணை

"சரி, இந்த அட்டவணையால் பரீட்சையில் மார்க் வாங்குவதைத் தவிர வேறு என்ன பயன்?" என்று கேட்கிறீர்களா? நீச்சலை விட்டுவிட்டுக் குடிநீருக்கு வாருங்கள். காவிரிக்கரையிலிருந்து தேம்ஸ் நதிக்கரைக்குப் போவோம்.

1854-ம் ஆண்டு. லண்டன் நகரில் காலரா பரவிக்கொண்டிருந்தது. நோய் எப்படிப் பரவுகிறது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. கெட்ட காற்றால்தான் வருகிறது என்று பெரும்பாலான மருத்துவர்கள் நம்பினார்கள். ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் மட்டும், "இல்லை, அசுத்தமான தண்ணீரால் வருகிறது" என்றார். நம்புவார் யார்? நிரூபித்துக் காட்ட வேண்டுமே!

தெற்கு லண்டனில் இரண்டு கம்பெனிகள் குழாய் வைத்து வீடுகளுக்குத் தண்ணீர் விற்றன. 'சதர்க் அண்ட் வாக்ஸ்ஹால்' கம்பெனி, நகரத்துச் சாக்கடை கலந்த இடத்திலேயே தேம்ஸ் தண்ணீரை எடுத்தது. 'லாம்பெத்' கம்பெனி, ஊருக்கு மேலே, சாக்கடை கலக்காத இடத்துக்கு மாறியிருந்தது. பல தெருக்களில் இரண்டு கம்பெனிக் குழாய்களும் கலந்தே இருந்தன. அடுத்தடுத்த வீடு, ஒரே காற்று, தண்ணீர் மட்டும் வேறு!

காலராவால் ஒருவர் இறந்த வீடுகளைத் தேடிப் போய், "உங்களுக்கு எந்தக் கம்பெனித் தண்ணீர்?" என்று கேட்டார்கள் ஸ்நோவும் அவருக்கு உதவியவரும். பல வீட்டுக்காரர்களுக்குக் கம்பெனியின் பெயரே தெரியவில்லை. அதற்கும் ஸ்நோ ஒரு வழி வைத்திருந்தார். இரண்டு தண்ணீரிலும் உப்பின் அளவு வேறு வேறு. ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து உப்பைச் சோதித்தே எந்தக் கம்பெனி என்று கண்டுபிடித்துவிட்டார்!

நோய் பரவிய முதல் ஏழு வாரங்களுக்கு அவர் போட்ட கணக்கு இது:

| கம்பெனி | வீடுகள் | இறந்தவர்கள் | 10,000 வீடுகளுக்கு |
|---|---|---|---|
| சதர்க் அண்ட் வாக்ஸ்ஹால் | 40,046 | 1,263 | சுமார் 315 |
| லாம்பெத் | 26,107 | 98 | சுமார் 37 |

1,263 எங்கே, 98 எங்கே! நம் முதல் விடைத்தாள் பையன் இங்கே இருந்தால், "பதின்மூன்று மடங்கு" என்று சொல்லியிருப்பான். ஆனால் சதர்க் கம்பெனிக்கு வீடுகளும் அதிகம். ஸ்நோ அதை மறக்கவில்லை. "எத்தனை வீடுகளில்?" என்று கேட்டார். எட்டு மடங்குக்கும் மேல் என்று விடை வந்தது. மிகைப்படுத்தாத அந்த எண்ணே அவருடைய வாதத்துக்குப் போதுமான பலம் கொடுத்தது.

அது சரி, அட்டவணையால் காரணம் சொல்ல முடியாது என்றோமே, ஸ்நோ மட்டும் எப்படிச் சொன்னார்? அட்டவணையை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. ஏழை, பணக்காரர், பெரிய வீடு, சின்ன வீடு என எல்லாமே இரண்டு கம்பெனிகளிலும் கலந்திருந்தன. வேறுபாடு தண்ணீரில் மட்டும்தான் என்று பார்த்துப் பார்த்து உறுதி செய்துகொண்டார். மூன்றாம் விடைத்தாள்காரர் செய்யாமல் விட்டது அதைத்தான். அப்படியும் எல்லோரும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. 1858-ல் ஸ்நோ இறந்துபோனார். 1884-ல் நம் கொல்கத்தாவில் ஆராய்ச்சி செய்த ஜெர்மனி நாட்டு விஞ்ஞானி ராபர்ட் கோச், காலராவுக்குக் காரணமான கிருமியை நோயாளிகளின் குடலிலும், அவர்கள் பயன்படுத்திய குளத்துத் தண்ணீரிலும் கண்டார். கிருமியைப் பார்ப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, எண்களைக் கொண்டு அது வந்த வழியைக் காட்டிவிட்டார் ஸ்நோ!

நம் மாவட்டத்துக் கணக்கு

இப்போது மறுபடியும் திருச்சிக்கு வருவோம். 2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் 27,22,290 பேர் இருந்தார்கள். ஆண்கள் 13,52,284. பெண்கள் 13,70,006. பெண்கள்தான் அதிகம்!

ஆண், பெண் என்று இரண்டு நிரைகள். எழுதப் படிக்கத் தெரியும், தெரியாது என்று இரண்டு நிரல்கள். இதுவும் ஓர் இருவழி அட்டவணைதான். அதிலிருந்து கிடைத்த சதவீதம் இது: ஆண்களில் 89.72 சதவீதம் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியும். பெண்களில் 76.87 சதவீதம். அதாவது, அன்றைக்கு நூறு ஆண்களில் சுமார் 10 பேருக்கும், நூறு பெண்களில் சுமார் 23 பேருக்கும் எழுதப் படிக்கத் தெரியவில்லை. நம் பாட்டிமார்களில் எத்தனை பேர் இந்த 23-க்குள் இருந்திருப்பார்கள்!

இங்கேயும் "எத்தனை பேரில்?" என்ற கேள்வியை விடாதீர்கள். இந்தச் சதவீதத்தை மொத்த மக்கள்தொகையால் வகுத்துக் கண்டுபிடிக்கவில்லை. ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை மட்டும்தான் கணக்கில் எடுப்பார்கள். ஏன் தெரியுமா? தொட்டிலில் தூங்கும் தம்பிப் பாப்பாவைப் போய், "உனக்குப் படிக்கத் தெரியவில்லையே" என்று கணக்கில் சேர்த்தால் நியாயமா?

நீங்களும் திருத்தலாம்

இனிமேல் இருவழி அட்டவணையை எங்கே பார்த்தாலும் இந்த ஐந்தையும் சரிபாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண்.

1. நிரை, நிரல் இரண்டையும் கூட்டினால் ஓரத்து மொத்தங்கள் சரியாக வருகின்றனவா?

2. "எத்தனை பேரில்?" என்ற கேள்விக்கு ஏற்ற எண்ணால் வகுத்திருக்கிறார்களா?

3. ஒரு நிரையின் மொத்தத்தால் வகுத்திருந்தால், அந்த நிரையின் சதவீதங்களைக் கூட்டினால் 100 வருகிறதா?

4. விடையை எண்ணாக மட்டும் விடாமல், யாரைப் பற்றியது என்று முழு வாக்கியமாக எழுதியிருக்கிறார்களா?

5. அட்டவணை சொல்லாத காரணத்தை இவர்களாகச் சேர்க்காமல் இருக்கிறார்களா?

உங்கள் வகுப்பிலேயே ஒரு கணக்கெடுப்பு நடத்திப் பாருங்கள். "பஸ்ஸில் வருகிறீர்களா, நடந்தோ சைக்கிளிலோ வருகிறீர்களா?", "காலையில் சாப்பிட்டுவிட்டு வந்தீர்களா?" என்று இரண்டு கேள்விகள் போதும். யார் பெயரையும் எழுத வேண்டாம். நேர்கோட்டுக் குறிகள் போட்டு எண்ணுங்கள். அட்டவணையை ஆசிரியரிடம் காட்டுங்கள். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் எத்தனை பேர் வெறும் வயிற்றோடு வருகிறார்கள் என்று தெரிந்தால், அவரும் அதைப் பற்றி யோசிப்பார்.

ஒரு முக்கியமான விஷயம். நீச்சல் கற்றுக்கொள்ள ஆசையாக இருந்தால், பெரியவர்கள் துணையோடு, நன்றாகத் தெரிந்தவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். தனியாக ஆற்றில் இறங்கவே கூடாது. சரியா?

தெரிந்துகொள்ளுங்கள்

இந்தியாவில் புள்ளியியலை வளர்த்தவர்களில் முக்கியமானவர் பி.சி. மகலனோபிஸ். பிறந்தது 1893 ஜூன் 29. கொல்கத்தாவில் 1931-ல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவினார். அவருடைய பிறந்தநாளை 2007 முதல் தேசிய புள்ளியியல் தினமாகக் கொண்டாடுகிறோம்.

மூளைக்கு வேலை

ஒரு பள்ளியிலிருந்து மலைக்கோட்டைக்குச் சுற்றுலா போனார்கள். 6-ம் வகுப்பில் 50 பேரில் 20 பேர், எங்கும் உட்காராமல் உச்சிப் பிள்ளையார் கோயில்வரை படியேறிவிட்டார்கள். 8-ம் வகுப்பில் 30 பேரில் 15 பேர் அப்படி ஏறினார்கள்.

1. எந்த வகுப்பு படியேறுவதில் கெட்டி?

2. உட்காராமல் ஏறியவர்களில் 6-ம் வகுப்பினர் எத்தனை சதவீதம்?

விடை: 1. எட்டாம் வகுப்பு. அதில் 50 சதவீதம் பேர் ஏறினார்கள். ஆறாம் வகுப்பில் 40 சதவீதம் பேர். 2. 35 பேரில் 20 பேர், சுமார் 57 சதவீதம்.

முதல் கேள்விக்கு "ஆறாம் வகுப்பு" என்று எழுதினீர்களா? சிவப்பு மை பேனா உங்களிடம்தானே இருக்கிறது. நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்!